பிக்கப் பாபின்: பொருளைத் தேர்ந்த பிறகே கம்பியைத் தொடுங்கள்

மின்கிட்டார் பழுதுபார்ப்பது என் தொழில். சில மாதங்களுக்கு முன் சிங்கப்பூரின் தெம்பனிசிலிருந்து வந்த ஒரு தம்பி, தாமே கம்பி சுற்றிய பிக்கப்பை (தந்தியின் அதிர்வை மின்சைகையாக மாற்றும் பகுதி) மேசைமீது வைத்து, "அண்ணே, மெழுகில் முக்கியதிலிருந்து சத்தமே வரவில்லை" என்றார். உருப்பெருக்கியில் பார்த்தபோது, கம்பியைச் சுற்றும் சட்டமான பாபினின் மேல்தட்டு இரு முனைகளிலும் மேல்நோக்கி வளைந்திருந்தது. அந்த இடுக்கில் சரிந்த கம்பி, தட்டின் விளிம்பில் அறுந்து நின்றது. அவர் பொறுமையாகச் சுற்றிய 8,000 சுற்றுகளில் குறையே இல்லை. முப்பரிமாண அச்சில் பிஎல்ஏ பிளாஸ்டிக்கால் செய்த பாபின்தான் அவரைக் கைவிட்டது.

பிஎல்ஏ ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கும். கம்பிச் சுற்றுகள் அசையாமலிருக்க நாம் பிக்கப்பை முக்கும் மெழுகின் சூடும் 60 முதல் 65 டிகிரிதான். தலைமுடி அளவே தடிமனுள்ள 0.063 மில்லிமீட்டர் கம்பியின் ஒரு சுற்று தரும் அழுத்தம் அற்பமானது என்றாலும், ஆயிரக்கணக்கான சுற்றுகள் சேர்ந்து இரு தட்டுகளையும் ஓயாமல் வெளியே தள்ளிக்கொண்டிருப்பதால், இளகிய தட்டு அந்தக் கணத்திலேயே வளைந்துவிடுகிறது. மெழுகைத் தவிர்த்தாலும் கவலை தீராது. நண்பகல் வெயிலில் நிறுத்திய காரின் பின்பெட்டியில் கிட்டாரை வைப்பவர்கள் இங்கே பலர்.

ஃபெண்டர் நிறுவனக் கிட்டார்களின் முறையிலான ஒற்றைச் சுருள் பிக்கப்புக்கு வல்கனைஸ்டு ஃபைபர் (இறுக்கிக் கெட்டியாக்கிய காகித அட்டை) தட்டையே நான் முதலில் பரிந்துரைப்பேன். காந்தத் தண்டுகளை அது இறுகப் பிடித்துக்கொள்ளும், எளிதில் விரிசல் விடாது. ஆனால் அது ஈரத்தை உறிஞ்சும் பொருள். சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும் சிங்கப்பூரில், சன்னலோரம் நான் மறந்து வைத்த ஒரு தட்டு சில வாரங்களில் அப்பளம்போல் நெளிந்துபோனது. வெட்டிய தட்டுகளைச் சிலிக்கா ஜெல்லுடன் மூடிவைத்து, காந்தங்களைச் சொருகியதும் முழுவதையும் லாக்கர் (lacquer) எனும் மெருகுப் பூச்சில் முக்கி உலர்த்துங்கள். காந்தம் கம்பியோடு உரசி மின்கசிவு ஏற்படுவதையும் அந்தப் பூச்சு தடுக்கும்.

கண்ணாடியிழைத் தட்டு ஈரத்துக்கும் சூட்டுக்கும் அசையாது. ஆயினும் அதை அறுக்கும்போது பறக்கும் தூசு நுரையீரலுக்குக் கேடு. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டின் மூடிய அறையில், குழந்தைகள் இருக்கும் இடத்தில், அதை அறுக்கவே வேண்டாம். உலோகத் தட்டு வேண்டாம் என்பதற்குக் காரணம் வேறு: அதில் தூண்டப்படும் சுழல் மின்னோட்டம் உச்ச ஒலிகளை மங்கச் செய்யும்.

அச்சிட்டே ஆக வேண்டுமென்றால், 100 டிகிரியை நெருங்கும்வரை தாங்கும் ஏபிஎஸ் பிளாஸ்டிக் ஏற்றது. அந்தத் தம்பிக்கும் அதையே சொன்னேன். இப்போது அவர், மெழுகின் அதே சூட்டிலுள்ள வெந்நீரில் வெற்றுப் பாபினைப் பத்து நிமிடம் போட்டெடுத்து, தட்டின்மேல் எஃகு அளவுகோலை வைத்து, அடியில் வெளிச்சம் கசிகிறதா என்று பார்த்த பிறகே கம்பியைக் கையில் எடுக்கிறார்.