சணல் வேறு, நார்க்கஞ்சா வேறு

‘மரிஜுவானாவுக்குத்தான் தடை, சணலுக்கு இல்லை.’ மொழிபெயர்ப்புச் செய்திகளில் இப்படி ஒரு வரி அடிக்கடி கண்ணில் படுகிறது. ராமேஸ்வரம் கரையில் தங்கச்சிமடம், மண்டபம் போன்ற ஊர்களில் உட்கார்ந்து இதைப் படிக்கிறவர் என்ன நினைப்பார்? “ஏண்ணே, சாக்குக்கும் கயிற்றுக்குமா கேஸ் போடுறாங்க?” என்றுதான் கேட்பார். அவர் கேட்பதில் தப்பில்லை. மூலத்தில் இருந்த ‘ஹெம்ப்’ என்ற சொல்லைச் சணல் என்று பெயர்த்ததுதான் தப்பு.

ஆங்கிலத்தில் ஹெம்ப், மரிஜுவானா இரண்டும் ஒரே செடிதான். 1753-இல் லின்னேயஸ் கன்னாபிஸ் சட்டைவா என்று பெயரிட்ட அதே செடி. நாருக்கும் விதைக்கும் வளர்த்தால் ஹெம்ப். போதைக்கு வளர்த்தால் மரிஜுவானா. பின்னது மெக்சிகோ ஸ்பானியம் வழியே வந்த பெயர். நமக்குக் கஞ்சா என்ற சொல் இருக்கும்போது அதை எதற்கு இழுத்து வர வேண்டுமோ தெரியவில்லை. கஞ்சாவும் சணலும் வடமொழி வழி வந்தவை. தூய தமிழா என்ற சண்டைக்கு இங்கே இடமில்லை. என் சண்டை தெளிவுக்காக.

சணல் என்றால் தமிழ்நாட்டில் சாக்கு தைக்கும் நார், அதாவது ஜூட். சணப்பு என்பது மஞ்சளாகப் பூக்கும் பயறுவகைச் செடி. பூக்கும் பருவத்தில் வயலிலேயே மடக்கி உழுதால் அதுவே உரம். இரண்டுக்கும் கஞ்சாச் செடியோடு சொந்தபந்தம் கிடையாது. குழப்பத்தின் வேர் ஆங்கிலத்தில் இருக்கிறது. கயிறு திரிக்க உதவும் எந்த நாரைக் கண்டாலும் வெள்ளைக்காரன் ஹெம்ப் என்று ஒட்டிவிட்டான். நம் சணப்பு ‘சன் ஹெம்ப்’ ஆனது, வாழைக்குடும்பத்து அபாக்கா ‘மணிலா ஹெம்ப்’ ஆனது, கற்றாழை வகை நார் ‘சிசல் ஹெம்ப்’ ஆனது. நம் மொழிபெயர்ப்பாளர் அகராதியைத் திறந்து ஹெம்புக்கு எதிரே சணலைப் பார்த்ததும் மூடிவிடுகிறார். நைலான் வருவதற்கு முன் பருத்தியிலும் சணப்பு நாரிலும் வலை முடிந்த கரை இது. இங்கே வயதானவர்களிடம் கேட்டிருந்தாலே எந்த நார் எது என்று பிரித்துச் சொல்லியிருப்பார்கள்.

இந்தக் கரையில் கஞ்சா பிடிபட்ட செய்தி புதிதில்லை. கடல் தாண்டி அந்தப் பக்கம் போனால், எங்கே விளைந்ததோ, இலங்கைச் செய்திகளில் அதற்குப் பெயர் ‘கேரளக் கஞ்சா’. அது தனிக்கூத்து. நம் மொழிபெயர்ப்பாளர் கணக்கில் போனால் ‘சணல் சாக்கில் சணல் கடத்தல்’ என்றும் ஒருநாள் படிக்க வேண்டிவரும்.

சட்டம் இன்னும் நுணுக்கமானது. அமெரிக்காவில் 2018 வேளாண் சட்டம் அளவை வைத்துப் பிரித்தது: உலர்ந்த எடையில் டி.எச்.சி. என்ற போதைப்பொருள் 0.3 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் ஹெம்ப், தாண்டினால் மரிஜுவானா. நம் 1985 போதைப்பொருள் சட்டம் செடியின் உறுப்பை வைத்துப் பிரிக்கிறது. பூவும் காயும் விட்ட நுனிதான் கஞ்சா, பிசின் சரஸ். நுனி சேராத இலையும் விதையும் ‘கஞ்சா’ என்ற வரையறைக்குள் வராது. அதற்காகக் கொல்லையில் வளர்க்கலாம் என்று கிளம்பிவிட வேண்டாம்; அனுமதியின்றிச் செடி வளர்ப்பதே குற்றம். நாருக்கும் விதைக்கும் அனுமதி தர 14-ஆம் பிரிவு வழி விடுகிறது. உத்தராகண்ட் 2018-இல் அப்படி உரிமம் கொடுத்தது. கடத்துகிற பொட்டலத்துக்கோ எடைதான் பேசும்: 1 கிலோ வரை சிறிய அளவு, 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு, குறைந்தது 10 ஆண்டு சிறை.

சிலர் ‘தொழிற்சணல்’ என்று ஒரு சொல் செய்திருக்கிறார்கள். சணல் ஏற்கெனவே தொழிலுக்குத்தானே போகிறது? ‘தொழில்முறைக் கஞ்சா’ அதைவிட மோசம். கஞ்சா விற்பதையே தொழிலாக வைத்திருப்பவன்தான் நினைவுக்கு வருகிறான். என்னைக் கேட்டால் நார்க்கஞ்சா என்பேன். செடி எது, பயன் எது என்று இரண்டையும் சொல்லிவிடுகிறது. ‘கஞ்சா’ என்ற சொல் ஒட்டினால் வியாபாரம் கெடும் என்று எண்ணெய், துணி விற்பவர்கள் முகம் சுளிப்பார்கள். அது அவர்கள் பாடு. சொல்லே பிடிக்கவில்லை என்றால் ஹெம்ப் என்றே எழுதட்டும். சணலை மட்டும் விட்டுவிடட்டும்.