டிஜிட்டல் ரூபாய்: மீன் வியாபாரிகள் தெரிந்துகொள்ள வேண்டிய சட்டச் சிக்கல்கள்

“டிஜிட்டல் ரூபாயும் ஜீபேயும் ஒன்றுதானே சார்?” மண்டபம், பாம்பன் பக்கமிருந்து வழக்கு விஷயமாக வரும் வியாபாரிகள் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள். இரண்டும் வேறு. ஜீபேயில் போய்வருவது உங்கள் வங்கிக் கணக்குப் பணம். டிஜிட்டல் ரூபாய் என்பது ரிசர்வ் வங்கியே வெளியிடும் நோட்டு. போனில் இருக்கிறது, அவ்வளவுதான். 2022 நிதிச் சட்டம், ரிசர்வ் வங்கிச் சட்டத்தைத் திருத்தி இதையும் ‘வங்கி நோட்டு’ ஆக்கியது. அந்த ஆண்டு டிசம்பர் 1 முதல் பொதுமக்களிடம் சோதனை ஓட்டம் நடக்கிறது.

ஆனால் நோட்டு என்று பெயர் கொடுத்த அதே திருத்தம், 22ஏ பிரிவின் மூலம் சில விதிகளை விலக்கியும் வைத்தது. அதில் ஒன்று 28ஆம் பிரிவு: தொலைந்த, கிழிந்த நோட்டைப் பற்றியது. வல்லத்தில் போனவர் மடியில் நனைந்து கிழிந்த நோட்டை வங்கியில் மாற்றித் தருகிறார்களே, அந்த விதிகளுக்கு வேர் இந்தப் பிரிவுதான். டிஜிட்டல் ரூபாய்க்கு அது பொருந்தாது. போன் கடலில் விழுந்தால், பணம் இருக்கும் வாலெட்டை (போனில் உள்ள பணப்பையை) மீட்பது வங்கிச் செயலியின் நிபந்தனையைப் பொறுத்தது.

இதைவிடப் பெரிய கவலை, போலீஸ் சொல்லிப் பணம் முடங்குவது. என்னிடம் வந்த ஒரு நண்டு வியாபாரிக்கு வெளியூர்க்காரர் ஒருவர் யூபிஐயில் சரக்குப் பணம் அனுப்பினார். அது வடமாநிலம் ஒன்றில் நடந்த ஆன்லைன் மோசடியில் வந்த பணம் என்று அங்குள்ள போலீஸ் எழுதியதும், இவர் கணக்கு மொத்தமும் முடங்கியது. ஐஸ் வாங்கவும் வழியில்லை, பெட்டி தூக்கியவர்களுக்குக் கூலி கொடுக்கவும் வழியில்லை. சரக்குக் கொடுத்துத்தான் அந்தப் பணத்தை வாங்கினார். அதற்கு இந்தத் தண்டனை.

திருட்டு நோட்டு என்று தெரியாமல் நியாயமாக வாங்கியவருக்கே அது சொந்தம் என்று 1758லேயே இங்கிலாந்தில் மில்லர் எதிர் ரேஸ் வழக்கில் தீர்ப்பாகிவிட்டது. அந்த நம்பிக்கையில்தான் ரொக்கம் கைமாறுகிறது. டிஜிட்டல் நோட்டோ போகிற இடமெல்லாம் தடம் விட்டுப் போகக்கூடியது. சந்தேகப்பட்ட சொத்தைக் கைப்பற்ற பிஎன்எஸ்எஸ் எனும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 106ஆம் பிரிவு போலீஸுக்கு அதிகாரம் தருகிறது. தெரியாமல் வாங்கியவரின் பணத்தில் எவ்வளவை, எத்தனை நாள் நிறுத்திவைக்கலாம்? டிஜிட்டல் ரூபாய்க்கென்று தனிச் சட்டம் வந்து இதற்கு வரம்பு கட்ட வேண்டும்.

2024 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி இன்னொன்றையும் அறிவித்தது: இன்ன தேவைக்குத்தான் செலவாகும் என்று பணத்திலேயே நிபந்தனை வைக்கும் வசதி. ஏப்ரல் 15 தொடங்கி 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது வரும் 8,000 ரூபாய் நிவாரணம் கடைப் பாக்கிக்குப் போகும், வலை நூலுக்குப் போகும், பிள்ளையின் நோட்டுப் புத்தகத்துக்கும் போகும். நாளைக்கு அது ‘இந்தக் கடையில், இந்தத் தேதிக்குள்’ என்ற பூட்டோடு வந்தால் யாரிடம் முறையிடுவது? மீனவர் வீட்டுச் செலவை அந்த வீடுதான் தீர்மானிக்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

டிஜிட்டல் ரூபாயே வேண்டாம் என்று சொல்லவில்லை. வாங்கினால், மீன் ஏலம் போனதற்கான சீட்டில் எடை, விலை, வாங்கியவர் பெயர், நம்பர் எழுதி வையுங்கள். ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நம்ப வேண்டாம். புதிய சாட்சியச் சட்டம் 63ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழும் கேட்பார்கள். வங்கியோடு தகராறு என்றால் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். மோசடி என்றால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். இந்தப் பணத்துக்கு வட்டியே கிடையாது. போட்டால் இரட்டிப்பாகும் என்று சொல்லி யாராவது வந்தால், அந்த ஆளைப் பற்றியும் அதே நம்பரில் சொல்லுங்கள்.