முழுக் கதையும் வேண்டாம், ஒரு சின்ன உதவியைக் கேளுங்கள்

மனசு சரியில்லை என்று சொல்லிக்கொண்டு என்னிடம் வருகிறவர்கள் குறைவு. நெஞ்சு படபடக்கிறது, தலை பாரமாக இருக்கிறது, வயிற்றில் கேஸ், கை கால் ஓய்ந்துபோகிறது, ராத்திரி இரண்டு மணிக்கு முழிப்பு வந்தால் அப்புறம் தூக்கமே இல்லை. பேச்சு இப்படித்தான் ஆரம்பிக்கும். அதற்குள் ஈசிஜி எடுத்திருப்பார்கள், ஸ்கேன் பார்த்திருப்பார்கள், கோயம்புத்தூர் வரை போய்வந்திருப்பார்கள். எல்லாம் நார்மல். நீலகிரியில் மனநல ஆலோசகராக இருக்கும் எனக்கு இந்தக் கதை பழக்கம்தான். இவ்வளவு அலைந்தவர், பக்கத்தில் இருக்கும் ஒருவரிடம்கூட வாய் திறந்திருக்க மாட்டார் என்பதுதான் உறுத்தும்.

கீழ்நாட்டிலிருந்து வரும் நண்பர்கள் ஆச்சரியப்படுவார்கள். மலையில் எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர்கள் ஆயிற்றே, சொல்ல ஆளா இல்லை என்று. சிக்கலே அங்கேதான் இருக்கிறது. எஸ்டேட் லைன் வீட்டில் இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கேட்கும். படுகர் ஹட்டியில், அதாவது படுகர் கிராமத்தில், எல்லாரும் பங்காளிகள். ஒருவரிடம் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி என்ற பயத்தைத் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். பெண் பார்க்க வருகிறவர்கள் காதுக்குப் போகுமோ, மேஸ்திரி வேலைக்கு வராதே என்று சொல்லிவிடுவாரோ என்ற கவலை வேறு. பச்சைத் தேயிலைக்கு விலை இறங்கினால் டீக்கடை டீக்கடையாகப் பேசுவோம். அதனால் நமக்குத் தூக்கம் போனதை மட்டும் பேச மாட்டோம்.

அதனால் 'மனம் விட்டுப் பேசுங்கள்' என்று போஸ்டரில் போடும் அறிவுரை மேல் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. யாரிடம், எதை, எவ்வளவு என்று அது சொல்வதே இல்லை. மனச்சோர்வில் இருப்பவருக்கு நாலு வார்த்தை கோர்த்துப் பேசுவதே பெரும்பாடு. நான் கேட்டுக்கொள்வது அதைவிடச் சின்ன விஷயம். முழுக் கதையையும் சொல்ல வேண்டாம். செய்ய முடிந்த ஒரு உதவியை மட்டும் கேளுங்கள்.

குன்னூர் பக்கம் கொழுந்து பறிக்கும் ஒரு பெண். (பலர் கதையைச் சேர்த்து, ஆள் அடையாளம் தெரியாதபடி எழுதுகிறேன்.) கணவருக்குக் குடி, மகளுக்குக் கல்லூரிக் கட்டணம், மாதக்கணக்கில் தூக்கமில்லை. சாயங்காலம் இலை எடை போட நிற்கும்போது, கூடப் பறிக்கும் அக்காவிடம் அவர் கேட்டது இவ்வளவுதான்:

"அக்கா, வியாழக்கிழமை எங்கூட ஆஸ்பத்திரி வரைக்கும் வர்றீங்களா? தனியாப் போக பயமா இருக்கு."

"எதுக்குடி?"

"அங்க போய்ச் சொல்றேன்க்கா."

"சரி, மொத பஸ்ஸுக்கு நில்லு."

இரண்டு பேருக்கும் அன்றைய கூலி போச்சு. பஸ்ஸில் அக்கா எதையும் தோண்டித் துருவவில்லை. கொண்டைஊசி வளைவில் வாந்தி வருமே என்று ஒரு எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்ததோடு சரி. ஓபி சீட்டுக்கு வரிசையில் நிற்கும்போது இவரே பாதியைச் சொல்லிவிட்டார். டாக்டர் முதலில் தைராய்டும் ரத்தச்சோகையும் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். இரண்டும் இதே மாதிரி ஆளைச் சோர்த்துப்போடும். அதன் பிறகுதான் மனச்சோர்வுக்கு மாத்திரை. அந்த மாத்திரை வேலை செய்யத் தொடங்க இரண்டிலிருந்து நாலு வாரம் ஆகும். பலர் முதல் வாரத்திலேயே ஒன்றும் தெரியவில்லை என்று நிறுத்திவிடுவார்கள். இவரும் நிறுத்தியிருப்பார். தினமும் பொழுது சாய்ந்ததும் அக்கா வாசலில் நின்று, "மாத்திரை போட்டியா?" என்று கேட்டதால் தொடர்ந்தார். (எல்லாருக்கும் மாத்திரை தேவைப்படாது. லேசான நிலையில் பேச்சு சிகிச்சையே போதும்.)

ஆண்கள் கேட்பது இன்னும் கஷ்டம். குடியில் போய் ஒளிந்துகொள்வார்கள், நாமும் குடிகாரன் என்று முடித்துவிடுவோம். "மச்சான், தெனமும் ராத்திரி எட்டு மணிக்கு ஒரு போன் போடு, சும்மா எதையாவது பேசு" என்று கேட்கலாம். கேரட், உருளைக்கிழங்கு போடுகிற வீடுகளில் இதைவிட முக்கியமாக ஒன்று உண்டு. "இந்தப் பூச்சிமருந்து டப்பாவை எல்லாம் கொஞ்ச நாள் உன் ஷெட்டுல வெச்சுக்க" என்று ஒருவர் சொன்னால், கேட்கிறவர் ஏன் எதற்கு என்று விசாரித்துக்கொண்டிருக்காமல் உடனே எடுத்துப் போய்ப் பூட்டிவைக்க வேண்டும். உயிர் காக்கும் காரியம் அது.

யாரிடம் கேட்பது? நம்மேல் அதிகப் பாசம் வைத்தவரிடம்தான் என்று இல்லை. அம்மாவிடம் சொன்னால் கடைசியில் அம்மாவை நாம் தேற்ற வேண்டிவரும். சொன்னதை வெளியே விடாதவர், பதறாதவர், இந்த இரண்டும் போதும். கிராம சுகாதார செவிலியராகவோ பழைய வாத்தியாராகவோ இருக்கலாம். முதல் ஆள் சிரித்து மழுப்பினால் அடுத்த ஆளிடம் போங்கள். யாருமே தோன்றவில்லை என்றால் 14416. இது 2022 அக்டோபரில் வந்த டெலி மானஸ் எண், அரசின் மனநல உதவி எண். 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், காசு இல்லை. நம் ஊரில் சிக்னல் கிடைக்கும் மேட்டைப் பகலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

இனி, கேட்கப்படுகிறவருக்கு. "தைரியமா இரு", "உனக்கு என்ன குறைச்சல்" இரண்டையும் விட்டுவிடுங்கள். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேளுங்கள். சாகலாம் என்று தோன்றுகிறதா என்பதையும் நேராகவே கேட்கலாம். கேட்டால் அந்த எண்ணம் முளைத்துவிடும் என்பது தப்பான நம்பிக்கை. கேட்ட பிறகு நிம்மதிப் பெருமூச்சு விட்டவர்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன். ஆமாம் என்று பதில் வந்தால் தனியாக விடாதீர்கள், மருந்து மாத்திரைகளை வேறொருவர் கையில் கொடுங்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். அவசரம் என்றால் 108. போலீஸ் கேஸில் மாட்டிக்கொள்வோமோ என்று பயந்து மறைக்க வேண்டாம். 2018-இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதுகிறது. அவருக்குத் தண்டனை கிடையாது. டாக்டரிடம் பேசியது வெளியே போகக் கூடாது என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது.

எப்போது போக வேண்டும் என்று பலரும் கேட்கிறார்கள். சோர்வும் எதிலும் நாட்டமில்லாததும் அநேகமாகத் தினமும், இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் போக வேண்டியதுதான். மாவட்ட மனநலத் திட்ட டாக்டர் தாலுகா ஆஸ்பத்திரிகளுக்குக் குறிப்பிட்ட நாள்களில் வருவார். எந்தக் கிழமை என்று போனில் விசாரித்துவிட்டுக் கிளம்பினால் ஒரு நாள் கூலி மிச்சம். மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல் எல்லாம் வரும். தென்மேற்குப் பருவமழையில் கூடலூர், பந்தலூர் பக்கம் மண் சரிந்து ரோடு அடைபடுவது நமக்குத் தெரிந்ததுதானே. அந்த மாதங்களில் ஒரு வார மாத்திரை கூடுதலாக வேண்டும் என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.