ரெடிமேட் அளவில் அடங்காத விண்கலம்

‘டிராவலர்’ என்பது மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி ஆடும் விண்வெளிக் கதை விளையாட்டு. மார்க் மில்லர் வடிவமைத்தது. 1977-இல் அமெரிக்காவின் கேம் டிசைனர்ஸ் ஒர்க்‌ஷாப் வெளியிட்டது. அதில் எனக்குப் பிடித்தது சண்டையும் இல்லை, வியாபாரமும் இல்லை. பென்சிலும் தாளும் எடுத்து நாமே விண்கலம் கட்டுவதுதான். அப்படிக் கட்டும்போது, விதிப்புத்தக அட்டவணையில் இல்லாத அளவில் ஒரு கலம் வேண்டும் என்று ஆசை வரும். 300 டன் என்று வைத்துக்கொள்வோம்.

இந்த டன் எடை அல்ல, கன அளவு. ஒரு டன் திரவ ஹைட்ரஜனை வைக்க எவ்வளவு இடம் வேண்டுமோ அதுதான் இங்கே ஒரு டன். திரவ ஹைட்ரஜன் மகா லேசு. ஒரு கனமீட்டர் சுமார் 71 கிலோதான். ஆகவே ஒரு டன்னுக்குச் சுமார் 14 கனமீட்டர் பிடிக்கும். நம் கலம் 4,200 கனமீட்டர், அதாவது பக்கத்துக்கு 16 மீட்டர் உள்ள ஒரு பெட்டி. எரிபொருளும் ஹைட்ரஜனே என்பதால் தொட்டிக் கணக்கு சுலபம்: நட்சத்திரங்களுக்கிடையே ஒரு பார்செக், அதாவது சுமார் 3.26 ஒளியாண்டு தாவ, கலத்தில் பத்தில் ஒரு பங்கு. இரண்டு பார்செக் தாவ வேண்டுமென்றால் நமக்கு 60 டன்.

சிக்கல் எந்திரத்தில். பழைய விதியில் எந்திரங்களுக்கு ஏ, பி, சி என்று எழுத்துப் பெயர்கள். அட்டவணையில் 100, 200, 400, 600 என்று கலத்தின் அளவுகள். நடுவில் விழும் கலத்தை அடுத்த பெரிய கட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 41 அளவுக்காரர் கடையில் 42 சட்டை வாங்குகிற மாதிரி.

அட்டவணையின் முதல் சில எழுத்துகளைக் கூர்ந்து பார்த்தால் உள்ளே ஒரு வகுத்தல் ஒளிந்திருப்பது தெரியும். எழுத்தின் வரிசை எண்ணை 200-ஆல் பெருக்கி, கலத்தின் டன்னால் வகுத்து, பின்னத்தை விட்டுவிடுங்கள். தாவல் எந்திரத்தில் அந்த விடைதான் கலம் தாவக்கூடிய பார்செக். மூன்றாவது எழுத்தான சி, 300 டன்னில் சரியாக 2 தர வேண்டும். ஆனால் நம் கலம் 400 கட்டத்தில் நிற்கிறது, அங்கே 1.5 வந்து, 1 ஆகச் சுருங்கிவிடுகிறது. வேறு வழியில்லை, டி வாங்க வேண்டும்.

டி வரிசையின் தாவல் எந்திரம், உந்து எந்திரம், மின் உலை மூன்றும் சேர்ந்து 45 டன். எரிபொருள் தாவலுக்கு 60, மின் உலைக்கு 20, ஆக 80. கலத்தை இயக்கும் மாலுமி அறை 20. மிச்சம் 155 டன். அதே எந்திரங்களை 400 டன் கலத்தில் வைத்தால் எரிபொருள் மட்டும் 100 ஆகும், மிச்சம் 235. கலத்தை 100 டன் குறைத்ததில் 80 டன் சரக்கு இடம் போயிற்று!

1980-இல் வந்த ‘ஹை கார்டு’ என்ற துணை விதிப்புத்தகத்தின் திருத்தப் பதிப்பு தையல்காரர் மாதிரி. அங்கே எந்திரம் கலத்தின் சதவீதம்: தாவல் எந்திரத்துக்கு, தாவும் பார்செக் எண்ணோடு ஒன்றைக் கூட்டினால் போதும். இரண்டு பார்செக்குக்கு 3 சதவீதம், 300 டன்னில் 9 டன். பழைய டி தாவல் எந்திரம் மட்டுமே 25 டன். 317 டன் கலம்கூடக் கட்டலாம்.

ஆனாலும் படிகள் முழுக்கப் போகவில்லை. மாலுமி அறை 2 சதவீதம்தான், ஆனால் 20 டன்னுக்குக் குறையக் கூடாது. 1,000 டன்னுக்குக் கீழே எல்லாக் கலமும் அதே 20 டன் இடத்தைத்தான் கொடுக்கிறது. ஆயுத மேடை முழு 100 டன்னுக்கு ஒன்று. 299 டன் கலத்துக்கு இரண்டே மேடை. அதனால்தான் 300 என்று தொடங்கினேன்.