பாம்புத் தோட்டா எவ்வளவு தூரம் பாயும்?

என் மாமா பையன் டெக்சாஸில் பல வருஷம் இருந்துவிட்டு வந்து, பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பு வாங்கியிருக்கிறான். போன வாரம் சருகுக்குள் ஒரு கண்ணாடி விரியனைப் பார்த்துவிட்டு, "அங்கே பாம்புக்குன்னே தோட்டா விக்கிறான் அண்ணே, நாமளும் ஒண்ணு வாங்கி வெச்சா என்ன?" என்று போனில் கேட்டான். அந்தத் தோட்டா எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தாலே இதற்குப் பதில் கிடைத்துவிடும்.

அதில் ஒற்றைக் குண்டு இருக்காது. நம்மூர் நாட்டுத் துப்பாக்கியில் பால்ரஸ் போடுகிறார்களே, அது மாதிரி ஈய ரவைதான், ஆனால் ரொம்பப் பொடி. அமெரிக்காவில் பாயின்ட் 22 (குழல் விட்டம் 0.22 அங்குலம்) துப்பாக்கிக்கு விற்கும் பாம்புத் தோட்டாவில் 12ஆம் எண் ரவை இருக்கும். எண் கூடக்கூட ரவை சிறுக்கும். ஒவ்வொன்றும் 1.3 மில்லிமீட்டர், கேழ்வரகு அளவு. இரண்டு கிராம் ஈயத்தில் நூற்றைம்பதுக்கும் மேல் தேறும்.

ஒரு கூழாங்கல்லை வீசுங்கள், அப்புறம் ஒரு பிடி மணலை வீசுங்கள். மணல் காலடியிலேயே விழுந்துவிடும். ரவையின் விட்டம் பாதியானால் காற்று மோதும் பரப்பு கால்வாசியாகிறது, எடையோ எட்டில் ஒரு பங்காகிவிடுகிறது, அதனால் காற்று அதன் வேகத்தை இரண்டு மடங்கு சீக்கிரமாகக் குறைத்துவிடும். போதாததற்கு, ரைஃபிள் குழலுக்குள் குண்டைச் சுழற்றிவிடுவதற்காகச் சுற்றுப்புரி வெட்டியிருப்பார்கள். மழையில் குடையைச் சுழற்றினால் தண்ணீர் நாலாபக்கமும் தெறிக்கிற மாதிரி, ரவையும் வெளியே வந்ததும் விலகி, வளையமாகப் பரவி, நடுவில் ஓட்டை விழுந்துவிடும். இரண்டு மூன்று மீட்டர் தாண்டினால் அதை நம்ப முடியாது. சரி, ஒற்றைக் குண்டே போடலாமென்றால், நெளிகிற உடம்பில் அது படுவது கஷ்டம். கட்டாந்தரையிலோ கல்லிலோ பட்டுத் தெறித்தால் எங்கே போகுமென்று யாராலும் சொல்ல முடியாது.

இப்போது பாம்பின் பக்கம் வாருங்கள். தரையிலிருந்து சீறிக் கொத்தும்போது அது எட்டுவது ஏறக்குறைய உடம்பின் பாதி நீளம். நான்கடி விரியன் என்றால் இரண்டடி. அப்படியானால் துப்பாக்கி வேலை செய்கிற அந்த இரண்டு மீட்டரில் நீங்கள் ஏற்கெனவே அதன் எட்டுக்கு வெளியே நிற்கிறீர்கள், இன்னும் நாலடி பின்னால் வைத்தால் விஷயம் முடிந்தது, அது தன் வழியில் போய்விடும். குறி தப்பிக் காயம்பட்ட பாம்போடு நிற்பதை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. தலை துண்டான பிறகும் நரம்பு அனிச்சையால் கடிக்கும், அந்தக் கடியிலும் விஷம் இறங்கும். இதற்கெல்லாம் மேல், நல்ல பாம்பையும் விரியனையும் சாரையையும் கொல்வது 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம். எலியைத் தின்னும் சாரையை அடித்துவிட்டு வரப்பெல்லாம் எலி வளை என்று புலம்புகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தோப்பில் நிஜமான ஆபத்து கண்ணுக்குப் படாத பாம்புதான். காய்ந்த முந்திரி இலையின் நிறத்தில் விரியன் அசையாமல் கிடக்கும், குக்கர் ஆவி விடுகிற மாதிரி சத்தம் கேட்ட பிறகுதான் தெரியும். அதனால் கொட்டை பொறுக்கும் முன் சருகைக் கையால் அள்ளாமல் நீளக் கழியால் வாருங்கள், காலுக்கு ரப்பர் பூட்ஸ் போடுங்கள். ராத்திரி டார்ச் இல்லாமல் இறங்காதீர்கள். காவலுக்குப் படுக்கிறவர்கள் கட்டிலில், கொசுவலையை மெத்தைக்கடியில் செருகிவிட்டுப் படுக்க வேண்டும். கட்டுவிரியன் கடிப்பது பெரும்பாலும் தரையில் தூங்குகிறவர்களை.

கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, கீறுவது எதுவும் வேண்டாம். காலை அசைக்காமல் 108ஐக் கூப்பிட்டு, கடலூர் அரசு ஆஸ்பத்திரியோ புதுச்சேரி ஜிப்மரோ எது சீக்கிரம் போய்ச் சேருமோ அங்கே போங்கள். பாம்பை அடித்துப் பையில் போட்டுக் கொண்டுபோக வேண்டியதில்லை, இங்கே தரும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்குமே சேர்த்துத் தயாரானது. ஆஸ்பத்திரியில் கொஞ்சம் ரத்தத்தை எடுத்துக் காய்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, ஆட்டாமல் 20 நிமிஷம் வைத்துவிட்டு மெல்லச் சாய்ப்பார்கள். கட்டியாக நிற்காமல் தண்ணீராக வழிந்தால் அது கண்ணாடி விரியன் அல்லது சுருட்டை விரியன் விஷத்தின் வேலை, உடனே மருந்தை ஏற்றத் தொடங்கிவிடுவார்கள்.