ஜிசிசி-யை டிபக் செய்யும் முன்: ஓ0 யாருக்கு, ஓ2 யாருக்கு?

ஜிசிசி (சி, சி++ கோடை இயங்கும் புரோகிராமாக மாற்றும் கம்பைலர்) ஒரு புரோகிராமைக் கம்பைல் செய்யும்போது மட்டும் கிராஷ் ஆகிறது. பிழை தேடும் கருவியான ஜிடிபி-யில் ஏற்றினால், கேட்கிற மாறிக்கெல்லாம் ‘ஆப்டிமைஸ்டு அவுட்’ என்றே பதில். ஜிசிசி-யின் வழக்கமான பில்ட் -ஜி -ஓ2 (டிபக் விவரம் சேர், வேகத்துக்காகக் கோடை மாற்றியமை) என்று நடப்பதால் வரும் வினை. மாறிகள் ப்ராசஸரின் ரெஜிஸ்டருக்குள் போய்விடும், சின்ன ஃபங்ஷன்கள் அழைத்த இடத்திலேயே கலந்து இன்லைன் ஆகிவிடும், வரி வரியாகப் போனால் முன்னும் பின்னும் தாவும்.

இதற்கு -ஜி3 -ஓ0 (கூடுதல் டிபக் விவரம், ஆப்டிமைசேஷன் இல்லை) போட்டு பில்ட் செய்ய வேண்டும். ஓ பெரிய எழுத்து, அடுத்தது பூஜ்யம். சின்ன ஓ அடித்தால் ‘0’ என்ற பெயரில் ஒரு ஃபைல்தான் மிஞ்சும். ஜி3 எதற்கென்றால், ஜிசிசி சோர்ஸ் முழுக்க மேக்ரோ (கம்பைலுக்கு முன் கோடாக விரியும் சுருக்கப் பெயர்). அந்த விவரம் இல்லாமல் ஜிடிபி-யில் ட்ரீ_கோட் என்ற மேக்ரோவைக் கேட்டுப் பயனில்லை.

பில்டுக்குத் தனி ஃபோல்டர் வையுங்கள், சோர்ஸுக்குள்ளேயே வேண்டாம். பில்டுக்குத் தேவையான கணக்கு லைப்ரரிகள் ஜிஎம்பி, எம்பிஎஃப்ஆர், எம்பிசி மூன்றையும் கான்ட்ரிப் ஃபோல்டரில் உள்ள ஸ்கிரிப்டே இறக்கிக் கொடுக்கும். பில்டுக்கு முன் ஓட்டும் கான்ஃபிகர் ஸ்கிரிப்டில் முக்கியமானது --டிசேபிள்-பூட்ஸ்ட்ராப். அதை விட்டால் கம்பைலர் மூன்று கட்டமாகத் தன்னையே பில்ட் செய்யும். கடைசிக் கட்டங்கள் பூட்_சிஃபிளாக்ஸ் என்ற அமைப்பின் சொல்படி -ஓ2-வில்தான் நடக்கும், நீங்கள் கொடுத்த ஃபிளாக் வீண்.

பலர் சறுக்குவது இன்னொரு இடத்தில்: சிஃபிளாக்ஸ் (சி கோடுக்கான ஃபிளாக்) மட்டும் கொடுப்பது. 2013-இல் வந்த 4.8 முதல் ஜிசிசி சி++-இல்தான் பில்ட் ஆகிறது. சி++-க்கான சிஎக்ஸ்எக்ஸ்ஃபிளாக்ஸ்-க்கும் அதே மதிப்பு வேண்டும். பில்ட் ஓடும்போது ஏதாவது ஒரு ஜி++ வரியைப் பார்த்தால் எது போகிறது என்று தெரிந்துவிடும். கம்பைலர் மட்டும் போதுமென்றால் ‘மேக் ஆல்-ஜிசிசி’; லைப்ரரிகளுக்குக் காத்திருக்க வேண்டாம்.

அடுத்து, ‘ஜிசிசி’ என்ற கட்டளையை ஜிடிபி-யில் ஏற்றி பிரேக்பாயின்ட் வைத்தால் நிற்காது. அது மற்ற புரோகிராம்களை அழைக்கும் வெறும் டிரைவர். உண்மையான வேலை சிசி1-இல், சி++ என்றால் சிசி1பிளஸ்-இல். ஜிசிசி கட்டளையில் -வி போட்டால், சிசி1-ஐ அழைக்கும் முழுக் கட்டளை வரியும் திரையில் வரும், அதை அப்படியே எடுத்து ஓட்டலாம்.

அந்த வரியில் உள்ள -ஓ2-வை மட்டும் தொடாதீர்கள். ஓ0 கம்பைலரை பில்ட் செய்த விதம். கம்பைலர் உங்கள் புரோகிராமுக்குச் செய்யும் வேலைக்கு ஓ2 இருந்தால்தான் தப்பு நடக்கும் பாஸ் (ஆப்டிமைசேஷன் படி) ஓடும்.

ஓ0 பில்டில் கிராஷே வரவில்லையா? பெரும்பாலும் மதிப்பு வைக்காத மாறி ஏதோ சோர்ஸில் ஒளிந்திருக்கும். பழைய -ஜி -ஓ2 பில்டின் சிசி1-ஐ, மெமரித் தப்புகளைப் பிடிக்கும் வால்கிரைண்டில் ஓட்டிப் பாருங்கள்.