அட்வான்ஸில் ‘பெயின்டிங்’ என்று பிடித்தால்: வாடகை வீட்டு மாணவர்களுக்கு ஒரு வழக்கறிஞர் எழுதுவது

மே, ஜூன் வந்தாலே என் அலுவலகத்தில் ஒரே புகார்தான். “சார், வீட்டைக் காலி பண்ணிட்டோம், அட்வான்ஸ் இன்னும் வரல.” கடைசி செமஸ்டர் முடிந்திருக்கும். ஒருவன் பெங்களூருக்கு வேலைக்குப் போயிருப்பான், இன்னொருவன் ஊருக்குத் திரும்பியிருப்பான். இது வீட்டுக்காரருக்கும் தெரியும். “அடுத்த வாரம் பார்க்கலாம்” என்று நாலு தடவை சொன்னால் பையன்கள் ஓய்ந்துவிடுவார்கள் என்று அவர் கணக்குப் போடுகிறார். பெரும்பாலும் அந்தக் கணக்கு சரியாகவே இருக்கிறது என்பதுதான் எனக்கு வருத்தம்.

அண்மையில் வந்த ஒரு விவகாரத்தை அடையாளம் மாற்றிச் சொல்கிறேன். சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் நான்கு பொறியியல் மாணவர்கள். மாத வாடகை 18,000, அட்வான்ஸ் 1 லட்சம். இரண்டு வருடம் இருந்து காலி செய்தபோது கையில் வந்தது 50,000 ரூபாயும் ஒரு துண்டுச் சீட்டும். பெயின்டிங் 30,000, கிளீனிங் 5,000, கீசர் ரிப்பேர் 3,500, ஈ.பி. 4,000, ‘இதர செலவு’ 7,500. எதற்கும் பில் இல்லை.

வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உறவை முறைப்படுத்தத் தமிழ்நாட்டில் 2017-இல் ஒரு சட்டம் வந்தது. 2019 பிப்ரவரி 22 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. யார் எந்த ரிப்பேரைப் பார்க்க வேண்டும் என்று அதன் இரண்டாம் அட்டவணை பிரித்துச் சொல்கிறது. சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட் அடிப்பது, தண்ணீர் பைப் மாற்றுவது, வயரிங் எல்லாம் உரிமையாளர் பொறுப்பு. கீசர், சுவிட்ச், பாத்ரூம் குழாய் வாஷர், பூட்டு, கொசு வலை போன்றவை வாடகைதாரர் பொறுப்பு. எழுத்தில் வேறு மாதிரி ஒப்புக்கொண்டிருந்தால் மட்டுமே இது மாறும். இயல்பான தேய்மானத்துக்கு உங்களிடம் பணம் பிடிக்க முடியாது. இரண்டு வருடம் ஆட்கள் குடியிருந்த வீட்டில் சுவர் மங்கத்தான் செய்யும்.

அந்த நால்வரின் அக்ரிமென்டில் பெயின்டிங் பற்றி ஒரு வரிகூட இல்லை. நோட்டீஸ் போன பிறகு பெயின்டிங் தொகையும் ‘இதர செலவு’ம் திரும்பி வந்தன. கீசருக்குக் கேட்டது நியாயம், அதைக் கொடுத்துவிடுங்கள் என்றுதான் நானும் சொன்னேன். எல்லா அக்ரிமென்டிலும் இப்படி அதிர்ஷ்டம் இருக்காது. “காலி செய்யும்போது ஒரு மாத வாடகை பெயின்டிங்குக்குப் பிடிக்கப்படும்” என்ற வரியைப் பலர் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறார்கள். அப்புறம் வாதாடுவது கடினம். கையெழுத்துக்கு முன் அந்த வரியை நீக்கச் சொல்லுங்கள், முடியாவிட்டால் ஒரு தொகையாவது பேசி எழுதிக்கொள்ளுங்கள்.

அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது அதே சட்டத்தின் 11-ஆம் பிரிவு. ஆனால் இதிலும் ‘வேறு ஒப்பந்தம் இல்லாதபோது’ என்ற வாசல் திறந்தே இருக்கிறது. அதனால்தான் சென்னையில் ஐந்து, ஆறு மாதம் கேட்கிறார்கள். காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் அந்தப் பிரிவில்தான் இருக்கிறது. ‘புது ஆள் வரட்டும், அவர் அட்வான்ஸ் கொடுத்ததும் தருகிறேன்’ என்பதற்குச் சட்டத்தில் இடமில்லை.

11 மாத அக்ரிமென்டுக்குப் பதிவு வேண்டாம் என்று புரோக்கர் சொல்வார். இந்தச் சட்டப்படி எத்தனை மாதமானாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். பதிவாகாத ஒப்பந்தத்தைச் சான்றாகக் காட்டப் போனால் அங்கேயே முட்டுக்கட்டை விழும். அரசின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம், ஓனரிடம் வற்புறுத்திக் கேளுங்கள்.

மாணவர்கள் வீட்டில் இன்னொரு சிக்கல், நாலு பேர் பணத்தை ஒருவன் பெயரில் கொடுப்பது. இடையில் ஒருவன் போவான், புதிதாக வருபவன் போனவனுக்கே பணம் கொடுத்துவிடுவான், ஓனருக்கு எதுவும் தெரியாது. கடைசியில் யாருக்கு எவ்வளவு என்று நண்பர்களே சண்டை போடுகிறார்கள். எல்லோர் பெயரும் அக்ரிமென்டில் வரட்டும். பணத்தை ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாக, ‘அட்வான்ஸ்’ என்ற குறிப்போடு அனுப்புங்கள். ஆள் மாறினால் ஓனருக்கு ஒரு வாட்ஸப் செய்தியாவது போகட்டும்.

சாவி வாங்கும் அன்றே ஒவ்வொரு அறையையும் நிதானமாக வீடியோ எடுங்கள். சுவரில் ஏற்கெனவே உள்ள ஆணி ஓட்டை, ஓதம், விரிசல் விழுந்த டைல்ஸ், ஓடாத எக்ஸாஸ்ட் ஃபேன் எல்லாம் தெரிய வேண்டும். அன்றே ஓனருக்கு அனுப்பிவிடுங்கள், தேதி தானாகப் பதிவாகிவிடும். காலி செய்யும் அன்றும் இதையே செய்யுங்கள். ஈ.பி. பில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் வரும். மீட்டர் ரீடிங்கை இரண்டு நாளும் போட்டோ எடுத்தால், ‘பில் வரட்டும்’ என்று பணத்தை நிறுத்தி வைக்கக் காரணம் இருக்காது.

கடைசி இரண்டு மாத வாடகையைக் கொடுக்காமல் அட்வான்ஸில் கழித்துக்கொள்ளலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஓனர் எழுத்தில் ஒப்புக்கொண்டால் மாணவர்களுக்கு இதைவிடப் பாதுகாப்பான வழி இல்லை என்பேன். கேட்காமல் நீங்களாகவே நிறுத்தினால் வாடகை பாக்கி வைத்தவர் ஆகிவிடுவீர்கள்.

ஒரு மாதம் கடந்தும் பணம் வராவிட்டால் போனில் கெஞ்சுவதை நிறுத்துங்கள். எவ்வளவு கொடுத்தீர்கள், எந்தத் தேதியில் சாவி ஒப்படைத்தீர்கள், எவ்வளவு வர வேண்டும் என்று கடிதமாக எழுதி ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். பாதி விவகாரம் இதிலேயே முடிந்துவிடுவதைப் பார்க்கிறேன். நகர்ப்புற பி.ஜி. (பேயிங் கெஸ்ட் விடுதி), தனியார் ஹாஸ்டல் என்றால் சாப்பாடு, துப்புரவு எல்லாம் சேர்ந்த சேவை அது, நுகர்வோர் புகாராகவே கொண்டு போகலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் மாவட்ட ஆணையத்தில் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

வக்கீல் ஃபீஸ் கொடுக்க வழியில்லை என்று ஒதுங்க வேண்டாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞர் தரும். 15100-ஐக் கூப்பிடுங்கள்.